பாயக் கூடாத குதிரை

கிங்ஸ்பரி, லண்டன்
21 மே 2023

அன்புள்ள தம்பி ஆனந்தராஜாவுக்கு,

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரி. உன்னோடு போனில் கதைத்தால் இரண்டு பேரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். வாட்ஸ்அப்பைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். யாருக்கோ அனுப்பப் போன குரல்பதிவைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினாய். "பாலாம்பிகை அக்காவுக்குக் குதிரையின்ரை தலை எது வால் எது எண்டு தெரியாது. அவவிட்டைப் போய் நிக்குதுகள் என்ரை பெட்டையும் குதிரையும்" என்று நீ சொன்னதை மெல்பேணில் இருக்கிற சின்னம்மாவும் கேட்டார். அன்றைக்கே உன் இலக்கத்தைத் தடுத்துவிட்டேன். இனி உனக்கும் எனக்கும் தபால்காரர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய் மார்ச்சியின் பேரில் அர்ச்சனை செய்யக் கேட்டேன். ஐயர் நட்சத்திரம் என்ன என்றார். தெரியாது என்றேன்.

"பிள்ளை எங்கை பிறந்தது?"

"கனடாவிலை ஐயா."

"என்ன வயது?"

"எட்டு."

"பள்ளிக்கூடம் ஒழுங்காப் போகுதோ?"

"இல்லை ஐயா, வண்டி இழுக்குது."

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். பிறகு முழுவதையும் விளங்கப்படுத்தினேன். குதிரைக்கும் நட்சத்திரம் உண்டு, பிறந்த நேரத்தைக் கேட்டு வாருங்கள் என்றார். அதுதான் கேட்கிறேன். உன் தொழுவத்தில் பிறந்த குதிரை. நேரம் உனக்குத்தான் தெரியும்.

தலை வால் தெரியாதவள் என்றாய். இப்போது எனக்கு என்ன தெரியும் என்று கேள். இந்தப் பந்தயத்தில் குதிரை ஓட வேண்டும், பாயக் கூடாது. இடப்பக்கக் கால் இரண்டும் ஒன்றாக எழும்ப வேண்டும், பிறகு வலப்பக்கக் கால் இரண்டும். ஓட்டுகிறவர் முதுகில் ஏறுவதில்லை, பின்னால் இரு சக்கர வண்டியில் காலை விரித்துக் குந்தியிருக்கிறார். நடை குழம்பிக் குதிரை பாய்ந்துவிட்டால் இழுத்துப் பிடித்துப் பின்னுக்கு வர வேண்டும். ரொறன்ரோவில் மார்ச்சி அப்படிக் குழம்பிய அன்று, முழு ஓடுதளமும் பார்த்திருக்க, உன் மகள் ஜதுவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு நீ ஏறினாயாம். "உனக்கும் வராது, உந்தக் குதிரைக்கும் வராது" என்றாயாம். இருபத்தைந்து வயதுப் பெண்பிள்ளை அதற்குப் பிறகு உன் வீட்டில் சோறு தின்பாளா? நீ விற்க இருந்த குதிரையையும் கேட்டு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். மாமி வீடு பிறகு எதற்கு இருக்கிறது?

குதிரை சவுத்தாலில், கால்வாய்க் கரையில் ஒரு ஐரிஷ் கிழவரின் தொழுவத்தில் நிற்கிறது. பந்தயங்கள் வேல்ஸில். பயிற்சியாளர் உரிமமும் ஓட்டுநர் உரிமமும் ஜதுவின் பேரில் எடுத்தாயிற்று. இந்தப் பருவத்தில் இதுவரை இரண்டு பந்தயம். ஒன்றில் நான்காவது, ஒன்றில் முதலாவது. இரண்டிலும் பாயவில்லை.

பிறந்த நேரத்தை அனுப்பு.

அக்கா பாலாம்பிகை


ஸ்காபரோ, கனடா
9 ஜூன் 2023

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. குரல்பதிவு தவறான இடத்துக்குப் போனது என் பிழை. அதில் சொன்னது பிழை என்று நான் நினைக்கவில்லை.

மார்ச்சி பிறந்தது 2015 மார்ச் நான்காம் திகதி, விடிய நாலு மணிபோல. பனிப்புயலில் மிருக வைத்தியரால் வர முடியவில்லை. நானே இழுத்தெடுத்து என் ஜக்கெற்றால் சுற்றி வைத்தேன். அதனால்தான் 'மிஸ் மார்ச் ஸ்ரோம்' என்று பதிந்தோம். அர்ச்சனையால் குதிரை ஓடுமென்றால் இருபத்திரண்டு வருடமாக நான் எதற்குக் குதிரை லத்தி அள்ளினேன் என்று ஐயரிடம் கேளுங்கள்.

நாலாவதும் முதலாவதும் சரி. சின்ன ஓடுதளம், எதிராளிகள் யாரென்று தெரியாது. அந்தக் குதிரை இரைச்சல் கேட்டால் குழம்பும். நடை மாறாமல் காலோடு கட்டுகிற வார் இருக்கிறதே, அதை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். காதுக்குப் பஞ்சு வைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

உங்களுக்கு முழங்கால் நோ என்று பிறேமினி சொன்னா. தாயும் மகளும் தினமும் கதைக்கிறார்கள், எனக்குத் துண்டு துண்டாகச் செய்தி வரும். நோ எண்ணெய் காய்ச்சி அனுப்புகிறேன். நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், உள்ளி, நொச்சி, கற்பூரம். பேஸ்மென்ரில் காய்ச்சியதற்குப் பிறேமினியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தம்பி
ஆனந்தராஜா


கிங்ஸ்பரி
17 செப்டெம்பர் 2023

அன்புள்ள தம்பி,

மகம் நட்சத்திரம். ஐயருக்கே பெருமை. "என்ரை அர்ச்சனை" என்று இப்போது எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார்.

ஏனென்று கேள். போன சனிக்கிழமை மார்ச்சி அந்த வேல்ஸ் ஓடுதளத்தில் பெண் குதிரைகளுக்கான சாதனையை முறியடித்துவிட்டது. பதினொரு வருடமாக நின்ற சாதனை. ஒலிபெருக்கியில் 'மிஸ் மார்ச் ஸ்ரோம், ஓட்டுநர் ஜதுர்ஷிகா ஆனந்தராஜா' என்று வாசித்தார்கள். உன் பெயர் அவர்களுடைய வாயில் நசுங்கிப் போனது. ஆனாலும் உன் பெயர்தான்.

நீ சொன்ன வாரை ஜது இறுக்கவில்லை. கழற்றியே விட்டாள். "மாமி, கட்டினால்தான் அது பயப்பிடுது. பயத்திலைதான் பாயுது" என்றாள். இப்போது அது எங்கள் கராஜில் சைக்கிள் பம்புக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பஞ்சும் இல்லை. தொழுவத்துக்கு மேலால் ஹீத்றோ விமானங்கள் தலையில் முட்டுகிற மாதிரி இறங்குகின்றன. வந்த புதிதில் மார்ச்சி ஒவ்வொன்றுக்கும் துள்ளியது. ஒரு குளிர்காலம் முடிய, விமானம் போனால் காதைக்கூட அசைப்பதில்லை. இனி எந்தச் சனக்கூட்டம் கத்தினால் அதற்கென்ன? இதை நீயும் கண்டுபிடிக்கவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை. உன் மகள் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

உன் எண்ணெயைப் பற்றி உண்மை சொல்லட்டா? மணம்தான் மிச்சம். பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் இருக்கிறார்களில்லை. முழங்கால் பழையபடிதான்.

அக்கா


ஸ்காபரோ
3 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம். இங்கே குளிர்காலமும் பந்தயம்தான்.

வீடியோவை மூன்று தரம் பார்த்தேன். பிறேமினி முப்பது என்று சொல்லுவா, நம்ப வேண்டாம். வார் இல்லாமல் அந்த வேகத்தில் நடை மாறாத குதிரை என் வாழ்க்கையில் நாலோ ஐந்தோதான் கண்டிருக்கிறேன். மார்ச்சி அதில் ஒன்றாக வரும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

ஓட்டுகிறவரின் கை நல்ல கை. கடிவாளத்தை இழுக்காமல் பிடிக்கிறது. அது சொல்லிக் கொடுத்து வருவதில்லை. இதையும் சொல்ல வேண்டாம்.

எண்ணெய் வேலை செய்யவில்லை என்று எழுதினீர்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. இந்தப் போத்தலில் காரத்தைக் கூட்டியிருக்கிறேன். கொஞ்சமாகப் பூசுங்கள். கண்ணில் படக் கூடாது. பூசியபின் கையை வடிவாகக் கழுவுங்கள்.

தம்பி


கிங்ஸ்பரி
27 ஓகஸ்ட் 2024

அன்புள்ள தம்பி,

இருந்து வாசி. நின்றுகொண்டு வாசிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை மார்ச்சி அந்த ஓடுதளத்தின் முழுச் சாதனையையும் முறியடித்துவிட்டது. பெண் குதிரைச் சாதனை அல்ல, எல்லாக் குதிரைகளுக்குமான சாதனை. ஒரு மைல், இரண்டு நிமிடத்துக்கு நாலு விநாடி குறைய. ஒன்பது வயதில்! பின்னால் வந்த ஆண் குதிரைகள் மார்ச்சியின் வாலைத்தான் பார்த்தன. வாலென்றால் எது என்று எனக்கு இப்போது தெரியும்.

சனம் எழுந்து நின்று கத்தியது. ஜது வண்டியிலிருந்து இறங்கி மார்ச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு ஒரு பிள்ளை வாளியோடு வந்து மார்ச்சியின் மூத்திரம் பிடிக்க நின்றாள். சோதனைக்காம். குதிரைக்கு மூத்திரம் வரச் சீட்டியடிக்க வேண்டுமாம். அவளுக்குச் சீட்டி வரவில்லை, நான் அடித்துக் கொடுத்தேன்.

இந்தமுறை நீ அனுப்பின எண்ணெய்தான் எண்ணெய். முதலில் அனுப்பினதைக் குறை சொன்னதற்கு மன்னித்துக்கொள். இந்த மாதத் தேருக்குக் கற்பூரச் சட்டி எடுத்து வெஸ்ட் ஈலிங் ரோட்டெல்லாம் நடந்தேன். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. உன் எண்ணெயைப் பூசினேன், இரண்டாம் நாள் படி ஏறினேன். சனிக்கிழமை வேல்ஸில் பார்த்தால் மார்ச்சியின் பின்னங்காலிலும் கொஞ்சம் வீக்கம். ஜது ஓட்டுநர் கூட்டத்துக்குப் போயிருந்தாள். பாவம், வாயில்லாச் சீவன். போத்தல் என் பையில் இருந்தது. கால் இரண்டுக்கும் வடிவாகத் தேய்த்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றது. விடிய வீக்கம் இல்லை. ஆகையால் இந்தச் சாதனையில் உனக்கும் பங்குண்டு, சந்தோஷப்படு. ஜதுவுக்கு நான் சொல்லவில்லை. உன் எண்ணெய் என்றால் முகத்தைத் தூக்குவாள்.

இன்னும் ஒரு போத்தல் அனுப்பு.

அக்கா


ஸ்காபரோ
5 செப்டெம்பர் 2024
(கூரியர்)

அக்கா,

நேற்று முழுக்கப் போன் எடுத்தேன், நீங்கள் போட்ட தடை இன்னும் நீங்கவில்லை. பிறேமினியின் போனில் எடுத்தேன், ஜது எடுத்தாள். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன்.

அந்த எண்ணெயை மார்ச்சிக்கு இனித் தொடவும் வேண்டாம். நீங்களும் பூச வேண்டாம். போத்தலை எறியுங்கள், இன்றைக்கே. பூசின துணியையும் எறியுங்கள். பந்தயக் குதிரைக்கு, அதுவும் பந்தயத்துக்கு முதல்நாள், பயிற்சியாளரைக் கேட்காமல் ஒன்றும் பூசுவதில்லை என்று ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லையா?

சில வேளை சோதனையில் அகப்படாமல் போகலாம். உங்கள் அம்மனை நானும் ஒரு தரம் கும்பிடுகிறேன்.

ஆனந்தராஜா


கிங்ஸ்பரி
20 ஒக்ரோபர் 2024

தம்பி,

அகப்பட்டுவிட்டது.

குதிரைப் பந்தயச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஜது வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள். வாசித்ததும் நான் அவளிடம் எல்லாம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "மாமி, பயிற்சியாளர் நான். பொறுப்பு என்ரை. உங்கடை பேரை நான் சொல்லமாட்டன்" என்றாள். நான் கேட்பேனா? நானே போன் எடுத்து, என் முழங்கால் எண்ணெயை நான்தான் பூசினேன் என்று சொன்னேன்.

அந்த மனிதர் மரியாதையாகத்தான் கதைத்தார். ஆனால் நம்பவில்லை. மூத்திரத்தில் இரண்டு சாமான் இருந்ததாம். ஒன்று நோ எண்ணெய்களில் இருக்கக்கூடியது. மற்றது மனிதருக்கான எந்த எண்ணெயிலும் இல்லையாம், குதிரைத் தொழுவத்து மருந்தில் மட்டும்தான் இருக்குமாம். "உங்கள் தம்பி வீட்டில் காய்ச்சிய எண்ணெயில் அது எப்படி வரும், மேடம்?" என்று கேட்டார். போத்தலைக் காட்டச் சொன்னார். நீ எறியச் சொன்னாய், நான் எறிந்துவிட்டேன். கேட்டபோது அதையும் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கே கள்ளத்தனமாகப் பட்டது.

இப்போது அவர்களுடைய எண்ணம் இதுதான்: ஜது தெரிந்துகொண்டு குதிரை மருந்து பூசினாள், மாமி வந்து முழங்கால் கதை சொல்லி அவளைக் காப்பாற்றப் பார்க்கிறாள். சாதனை போகட்டும், அது போகத்தான் வேண்டும். ஆனால் வேண்டுமென்று செய்தது என்று தீர்த்தால் ஜதுவின் உரிமம் எத்தனையோ வருடத்துக்குப் போய்விடும். பிறகு அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன தெரியும்? குதிரையைத் தவிர அவள் ஒன்றும் படிக்கவில்லை, படிக்கவும் மாட்டாள்.

விசாரணை டிசம்பரில். அதற்கிடையில் ஒன்றே ஒன்று சொல்லு. போத்தலில் என்ன போட்டாய்?

அக்கா


ஸ்காபரோ
30 ஒக்ரோபர் 2024

அக்கா,

இதை நாலாவது தரம் எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன்.

உங்கள் முழங்காலுக்கு முதல் எண்ணெய் கேட்கவில்லை என்று எழுதினீர்கள் அல்லவா? எங்கள் தொழுவத்தில் குதிரைக் காலுக்குப் பூசுகிற ஒரு மருந்து இருக்கிறது. அதை நாங்கள் வேலைக்காரர் எல்லோரும் முதுகு நோவுக்குக் களவாகப் பூசுவதுண்டு. நல்லாகக் கேட்கும். அதில் அரைப் போத்தலை எண்ணெயில் கலந்தேன். உங்களுக்குச் சொன்னால், குதிரை மருந்தையா எனக்கு அனுப்பினாய் என்று முழுக் குடும்பத்துக்கும் சொல்லிச் சிரிப்பீர்கள். அதனால் சொல்லவில்லை. குதிரைக்குள்ளதை மனிதருக்குக் கொடுத்தேன். நீங்கள் அதை மறுபடி குதிரைக்கே பூசுவீர்கள் என்று எந்த மடையன் நினைப்பான்?

இனி என் பக்கத்தையும் கேளுங்கள். அந்த மருந்து பூட்டி வைத்துக் கணக்குக் காட்ட வேண்டியது. தொழுவத்துக்கு வெளியே கொண்டுபோகவே கூடாது. லேபிள் இல்லாமல், வேறு நாட்டுக்கு, பந்தயக் குதிரை வைத்திருக்கிற ஒருவருக்கு அனுப்பினேன் என்று நான் எழுத்தில் கொடுத்தால் இங்கே பந்தய ஆணையம் என் உரிமத்தில் கை வைக்கும். இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் மற்றவர்களுடைய குதிரைக்கு லத்தி அள்ளிய பிறகுதான் அது கிடைத்தது. அந்த ஓடுதளத்தில் பயிற்சியாளராக இருக்கிற தமிழன் நான் ஒருவன்தான். ஐம்பத்தெட்டு வயதில் திரும்பவும் லத்தி அள்ளவா?

வேறு வழி பாருங்கள். ஐரிஷ் கிழவரின் தொழுவத்தில் வாளி மாறியிருக்கும், முன்பு நின்ற குதிரையின் மருந்து ஒட்டியிருக்கும் என்று சொல்லலாம். அப்படிச் சம்பவங்கள் நடந்திருக்கின்றன. நம்புவார்கள்.

ஆனந்தராஜா


கிங்ஸ்பரி
8 நவம்பர் 2024

ஆனந்தராஜா,

ஐரிஷ் கிழவர் வாடகை பிந்தினாலும் ஒரு சொல் சொல்லாமல் உன் மகளுக்கும் குதிரைக்கும் இடம் கொடுத்தவர். அவருடைய தொழுவத்தின் மேல் பழியைப் போட எனக்கு வாய் வராது. உனக்கு வந்ததே, அதுதான் ஆச்சரியம்.

உன் மகள் என்னைக் காப்பாற்ற, செய்யாத பிழையைத் தன் தலையில் போடுகிறாள். நீ செய்த பிழையை வாளியின் தலையில் போடச் சொல்கிறாய். அவளுக்கு ஓட்டம் வராது என்று ஊர் பார்க்கச் சொன்னவன் நீ. இப்போது அவளை ஓடவிடாமல் செய்யப் போகிறவனும் நீதான்.

போத்தலில் என்ன இருந்தது என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. சங்கத்துக்கும் சொல்லவில்லை. சொன்னாலும், காட்ட ஒன்றுமில்லாத கிழவியின் கதை என்றுதான் எடுப்பார்கள். நீ எழுதினால் மட்டும்தான் அதற்குப் பெறுமதி. விலாசத்தை இதோடு வைக்கிறேன். இனி நான் கேட்கமாட்டேன்.

பாலாம்பிகை


ஸ்காபரோ
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

அனுப்பிவிட்டேன். மருந்தின் பெயர், கலந்த அளவு, அனுப்பிய மாதம், எறியச் சொன்னது நான்தான் என்பது, எல்லாம். கூரியர் துண்டையும் என் உரிம இலக்கத்தையும் வைத்தேன். பொய் என்று சொல்ல ஏலாதபடி எழுதினேன். பிரதி ஒன்றை இங்குள்ள ஆணையத்துக்கும் நானே கொடுத்துவிட்டேன். அவர்களாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்து நித்திரையைக் கெடுப்பதில் பிரயோசனமில்லை.

உங்கள் கடிதத்தை வாசித்த அன்று உங்களோடு இனிக் கதைப்பதே இல்லை என்றுதான் இருந்தேன். ஒரு கிழமை அப்படியே இருந்தேன். பிறகு தொழுவத்தில் ஒரு புதுப் பெடியன் குதிரை குழம்பியதற்கு என்னைப் பார்த்து நடுங்கினான். நான் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்கு முதலே நடுங்கினான். ஜதுவும் அன்றைக்கு அப்படித்தான் நின்றிருப்பாள். நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. குதிரையைத்தான் பார்த்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. ஆனாலும் அனுப்பியது அனுப்பியதுதான். ஜதுவுக்குச் சொல்ல வேண்டாம்.

தம்பி


கிங்ஸ்பரி
26 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி,

தீர்ப்பு வந்துவிட்டது. ஓகஸ்ட் சாதனையை அழித்துவிட்டார்கள். அதற்கு முந்திய வருடத்துப் பெண் குதிரைச் சாதனை அப்படியே நிற்கிறது. ஜதுவுக்கு, குதிரையைச் சரியாகக் காவல் பண்ணவில்லை என்று மூன்று மாதத் தடை. அது குளிரோடு முடிந்துவிடும். வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள். என்னைக் குதிரைக்குப் பக்கத்தில் எந்தப் போத்தலோடும் விடக் கூடாதாம். அதையும் எழுத்தில் தந்திருக்கிறார்கள்.

ஜதுவுக்குச் சொல்லாதே என்றாய். நான் சொல்லவில்லை. ஆனால் விசாரணையில் தலைவர் உன் கடிதத்தை அவளுக்கு முன்னால் முழுக்க வாசித்தார். அவள் மேசையைப் பார்த்தபடி இருந்தாள். முடிந்ததும் ஒரு பிரதி கேட்டு வாங்கினாள். வரும் வழியில் நோர்த் சேர்க்கியூலர் ரோட்டில் ஒரு மணித்தியாலம் நின்றோம், வாகனம் அசையவில்லை. நான் வாயை அடக்கிக்கொண்டு இருந்தேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். கடைசியில் கேட்டாள்: "அப்பாவுக்கு இதாலை என்ன நடக்கும் மாமி?" தெரியாது என்றேன். நேரே தொழுவத்துக்கு விடச் சொன்னாள்.

உனக்கு ஒரு வருடத் தடை என்று பிறேமினி நேற்றுச் சொன்னா. தடை விழுந்தவருக்கு இந்த நாட்டிலும் தொழுவப் பக்கம் போக இடமில்லையாம், விசாரித்தேன். பார்வையாளர் பக்கம் நிற்கலாம். மார்ச்சிக்குப் பத்து வயதாகிறது. செப்டெம்பரில் கடைசிப் பந்தயம், அதோடு ஓய்வு என்று ஜது முடிவெடுத்துவிட்டாள். உனக்கும் இனி வேலையில்லை. ரிக்கெற் போட்டு வா. உன்னைக் கூப்பிடச் சொல்லி ஜது சொல்லவில்லை. கூப்பிட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் கேட்டபோது, "குளிருக்கு ஜக்கெற் கொண்டுவரச் சொல்லுங்கோ, வேல்ஸிலை காத்து கூட" என்றாள்.

உன் இலக்கத்துத் தடையை எடுத்துவிட்டேன்.

அக்கா


ஸ்காபரோ
28 செப்டெம்பர் 2025

அன்புள்ள அக்கா,

சுகமாக வந்து சேர்ந்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஹீத்றோவில் நீங்கள் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டு தரம் கேட்டீர்கள், இரண்டு தரமும் பாஸ்போட்டைத் தேடுகிற மாதிரி நடித்தேன். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் பந்தயத்தைப் பார்க்கவில்லை. பயத்தில் வாகனத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடிக்கொண்டிருந்தீர்கள். நான் சிப்ஸ் விற்கிற வண்டிக்குப் பக்கத்தில், வேலியோடு நின்றேன். இருபத்துநாலு வருடத்தில் பந்தயத்தைச் சனத்தோடு சனமாக நின்று பார்த்தது அதுதான் முதல் தரம். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மார்ச்சி வடிவாகப் புறப்பட்டது. நடையில் ஒரு குறை இல்லை. முதல் சுற்று முழுவதும் இரண்டாவதாக, முன் வண்டியோடு ஒட்டி வந்தது. கடைசி வளைவுக்கு வந்தபோது முன் குதிரை களைத்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. உள்ளே வேலியோடு இடம் திறந்தது. ஜது வெளியால் எடுத்தாள். நீண்ட வழி. நேர்ப்பாதையில் நெருங்கியது, ஆனால் போதவில்லை. கழுத்தளவில் தோற்றது. அந்த வயதில் அப்படி ஓடியதற்குச் சனம் எல்லாம் கை தட்டியது. நானும் தட்டினேன். அழுதேன். நீங்கள் வந்து கேட்டபோது சிப்ஸுக்குப் போட்ட வினாகிரி கண்ணில் பட்டது என்று சொன்னேன்.

நீங்கள் வருவதற்கு முதல் வேலியடியில் எனக்கும் ஜதுவுக்கும் என்ன நடந்தது என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். ஜது மார்ச்சியை ஆறுதலாக நடத்திக்கொண்டு வேலிக்குப் பக்கத்தில் வந்தாள். வண்டியிலிருந்து இறங்கவில்லை. முகமெல்லாம் மண். வந்த நாள் தொடக்கம் "சாப்பிட்டியளோ", "குளிருதோ" என்பதைத் தவிர அவள் என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

"அப்பா, கடைசி வளைவிலை வெளியாலை எடுத்தது சரியோ?" என்று கேட்டாள்.

அது பிழை அக்கா. பந்தயமே அந்த இடத்தில்தான் போனது. என் தொழுவத்தில் யார் அப்படிச் செய்திருந்தாலும் வண்டியிலிருந்து இறக்கி வைத்துச் சொல்லியிருப்பேன்.

"சரி பிள்ளை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள்.

"பிழை அப்பா. உள்ளுக்கை இடம் கிடந்தது. எடுத்த உடனை எனக்கே தெரிஞ்சு போச்சு. நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டுதான் கேட்டனான்."

மார்ச்சி வேலிக்கு மேலால் தலையை நீட்டி என் தோளை மணந்து பார்த்தது. நான் அதன் நெற்றியைத் தடவினேன்.

"வாங்கோ, தொழுவத்திலை தேத்தண்ணி இருக்கு" என்று ஜது வண்டியைத் திருப்பினாள். நான் அசையவில்லை. அப்போதுதான் அவளுக்கு என் தடை நினைவுக்கு வந்தது. வேலியை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"நீங்கள் இஞ்சாலை வரக்கூடாது, என்ன? அங்கையே நில்லுங்கோ அப்பா. நான் வாறன்."

வந்தாள், அக்கா.

தம்பி
ஆனந்தராஜா